“தண்ணி எங்கே போகுது?”

இன்காக்களின் மலைநாட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரு பயணம்

பெருவின் தலைநகரம் லிமா கடலோரத்தில் இருக்கிறது. அங்கே விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோ. இறங்கித் தரையில் கால் வைக்கும்போது 3,400 மீட்டர் உயரத்தில் நிற்போம். நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். அதற்கும் மேலே முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெரிய நகரம், டிராஃபிக் நெரிசலும் காய்கறிச் சந்தையும் பள்ளிக்கூட மணியுமாக நடந்துகொண்டிருக்கிறது. தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தை நீள வாட்டில் ஆண்ட இன்கா பேரரசின் தலைநகரம் அது.

காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அதனால் ஒரு மூச்சில் நமக்குக் கிடைப்பது சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதற்கு உடம்பு பழக நாளாகும். பழகுவதற்குள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தினம் ஜிம்முக்குப் போகிற பையன் படுத்துவிடுவான். பாட்டி ஊர் சுற்றிக்கொண்டிருப்பார்.

இந்த ஊருக்குத்தான் எழுபதைத் தாண்டிய அப்பா, அறுபதுகளின் கடைசியில் இருக்கும் அம்மா, கணவர், பள்ளியில் படிக்கும் மகள், மகன் என்று மே மாத விடுமுறையில் கிளம்பினோம். நியூ ஜெர்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அமெரிக்க விசா செல்லுபடியாக ஆறு மாதமாவது மிச்சமிருந்தால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெரு தனி விசா கேட்பதில்லை. “இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் போய்ட்டு வந்துடலாமே” என்று கணவர் ஆரம்பித்தார். அப்பா பதில் சொல்லாமல் பி.பி. மாத்திரைகளை எண்ணி எடுத்துவைத்தார். அது சம்மதம் என்று அர்த்தம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர் டெல்டாவில் வாய்க்கால், மதகு, வடிகால் என்றே காலம் கழித்தவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் முன், பிராகாரத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று குனிந்து பார்ப்பார். இன்காக்களின் மலை நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்க வருகிறவர்கள் ‘இவ்வளவு பெரிய கல்லை எப்படித் தூக்கினார்கள்’ என்று கேட்பார்கள். அப்பா கேட்டது வேறு.

முதலில் இறங்கு, அப்புறம் ஏறு

டூர் கம்பெனிகள் பெரும்பாலும் போடும் திட்டம், லிமாவிலிருந்து பறந்து வந்து முதல் இரவே குஸ்கோவில் தங்குவது. பெரியவர்களும் பிள்ளைகளும் உடன் இருந்தால் அது சரிப்பட்டு வராது. விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே ஒயந்தைதம்போ என்ற ஊர் 2,790 மீட்டரில் இருக்கிறது. மச்சு பிச்சு அதைவிடவும் கீழே, 2,430 மீட்டர். ஊட்டியைவிடச் சற்றே அதிகம். அதாவது உலகமே பயந்துகொண்டு போகும் மச்சு பிச்சுவில் மூச்சு முட்டாது. மூச்சு முட்டுவது வழியில் இருக்கும் குஸ்கோவில்தான். பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு, கடைசியாகக் குஸ்கோ என்று தலைகீழாகப் போனால் உடம்பு பழகிக்கொண்டே ஏறும்.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அம்மா பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பள்ளத்தாக்கில் அது நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு குஸ்கோவுக்கு ஏறிய அன்று அப்பாவின் விரலில் மாட்டினால் 88. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று மனப்பாடம் செய்த தலைமுறை நாம். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த உயரத்தில் 88, 90 என்று காட்டுவது சாதாரணம். நாங்கள் கிளம்பும் முன்பே டாக்டர் சொல்லியிருந்ததும் அதுதான்: எண்ணைப் பார்க்காதே, ஆளைப் பார்.

ராத்திரி இன்னொரு சோதனை. தூக்கத்தில் அப்பாவின் மூச்சு வேகமாக ஏறும், மெல்லத் தணியும், அப்படியே சில விநாடிகள் நின்றுவிடும். பிறகு பெரிதாக ஒரு மூச்சு இழுத்து மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்திருந்த அம்மா ஒவ்வொரு முறையும் அவரைத் தட்டி எழுப்ப, “தூங்க விடேன்டி” என்று அவர் எரிந்து விழுந்ததுதான் எங்களுக்கு நிம்மதி தந்த மருத்துவ அறிக்கை. உயரத்தில் உறங்கும்போது இப்படி மூச்சு விட்டு விட்டு வருவது பலருக்கும் நடப்பது. பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. அவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்கிவிட வேண்டும். அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலர் முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஐயாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ‘வானவில் மலை’க்குப் போகலாம் என்று மகள் நச்சரித்தாள். விடியற்காலை குஸ்கோவில் வண்டி ஏற்றி, அத்தனை உயரத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்கவைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறார்கள். போகிறவர்கள் போகட்டும். ஒரு செல்ஃபிக்காகக் குடும்பத்தில் பாதிப் பேரை ஓட்டல் அறையில் விட்டுவிட்டுப் போகும் இடம் எங்கள் பட்டியலில் இல்லை.

ஓடிக்கொண்டே இருக்கும் வாய்க்கால்

ஒயந்தைதம்போவில் இன்கா காலத்துத் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. அந்தக் கல் அடித்தளங்களின் மேல் வீடு கட்டி, மொட்டை மாடியில் துணி காயப்போட்டு மக்கள் குடியிருக்கிறார்கள். தெரு ஓரமாகக் கல் வாய்க்காலில் மலைத்தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். “பாத்தியாம்மா, வாட்டம் எவ்வளவு சரியா குடுத்திருக்கான். மண்ணும் அரிக்கல, தேங்கவும் இல்ல.” எதிரே மலைச்சரிவில் தெரியும் பிரம்மாண்டமான படி அடுக்குகளுக்கும், உச்சியில் நிற்கும் ஆறு ஒற்றைக்கல் பலகைகளுக்கும் அவர் கண் போகவே நேரமாயிற்று. ஒவ்வொன்றும் பல பத்து டன் எடை. ஆற்றின் மறுகரையில் மலைமேல் இருக்கும் குவாரியிலிருந்து எடுத்து, சரிவில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் கிடையாது, இரும்பு கிடையாது, இழுக்க மாடும் கிடையாது. லாமா என்ற பிராணி முப்பது கிலோ சுமப்பதே பெரிது. வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்றும் கிடக்கின்றன. 1537இல் இன்கா அரசர் மாங்கோ இன்கா இந்த ஊரில் வைத்துத்தான் ஸ்பானியப் படையை விரட்டியடித்தார். அந்த வெற்றி நிலைக்கவில்லை.

எதிர்ப்பக்க மலையில் காற்று வீசும் சரிவாகப் பார்த்துக் கட்டிய தானியக் கிடங்குகள் தொங்குகின்றன. இத்தகைய இன்கா கிடங்குகளில் சேமித்தவற்றில் முக்கியமானது ‘சுன்யோ’. சிறு உருளைக்கிழங்குகளை இரவில் உறைபனியில் பரப்பிவைப்பார்கள். காலையில் காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். பகலில் வெயிலில் உலர்த்துவார்கள். இப்படியே சில நாட்கள். கசப்பும் நஞ்சும் போய், கூழாங்கல் மாதிரி சுக்காகிவிடும், ஆண்டுக்கணக்கில் கெடாது. சந்தையில் ஒரு கிழவி குவித்து வைத்திருந்ததை அம்மா கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். “நம்ம ஊர்ல வெயில் காய்ச்சுது, இவங்களுக்குப் பனி காய்ச்சுது. வத்தல்தான்!” அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உருளைக்கிழங்கே இந்த மலைகளில் பிறந்ததுதான். ஆயிரக்கணக்கான ரகங்கள் இன்னும் பயிராகின்றன. ஊதா, கருப்பு, மஞ்சள் என்று ஒரே கூடையில் கொட்டி விற்கிறார்கள். சைவக்காரர்களுக்குக் கிழங்கும் கீன்வா சூப்பும் பெரிய பல் மக்காச்சோளமும் போதும். ஒன்று மட்டும்: இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கோழி வரும். கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

மச்சு பிச்சுவின் அடிவாரத்துக்கு ரயிலில் போய், அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏற வேண்டும். உள்ளே மூன்று சுற்றுப்பாதைகள். எந்தப் பாதை, எந்த மணி என்று பாஸ்போர்ட் எண்ணோடு முன்பே பதிவு செய்ய வேண்டும். உள்ளே போனபின் பாதை மாற முடியாது, திரும்பி நடக்க முடியாது, கழிப்பறையும் கிடையாது. அது வாசலுக்கு வெளியே. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கைத்தடிக்கு அடியில் ரப்பர் பூண் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

எல்லோரும் காலண்டரில் பார்த்திருக்கும் காட்சி தெரிகிற இரண்டாம் பாதையில் பிள்ளைகளும் கணவரும் போனார்கள். ஏற்றம் குறைந்த மூன்றாம் பாதையில் அப்பா அம்மாவோடு நான். மலையின் கீழ்ப்பகுதி வழியாக அரசர் மாளிகை, சூரியக் கோயில், நீரூற்றுகள் என்று போகும் பாதை அது. பார்க்கப்போனால் எங்களுக்குத்தான் அதிர்ஷ்டம்.

இந்த நகரத்தைக் கட்டியவர் பாச்சகூட்டி என்ற இன்கா அரசர். 1450 வாக்கில் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகளின் ரேடியோகார்பன் சோதனை, 1420 வாக்கிலேயே ஆட்கள் வசித்தார்கள் என்று 2021இல் காட்டியது. ஆக, தஞ்சைப் பெரிய கோயிலைவிட நானூறு வருடம் இளையது. ஆனால் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒடுங்கிய முதுகு. இரு பக்கமும் செங்குத்துச் சரிவு. நிலநடுக்கப் பிளவுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற பாறை. வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை, சென்னைக்குப் பெய்வதைவிட அதிகம். இப்படிப்பட்ட இடத்தில் மண்ணைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் நாலைந்து மழைக்காலத்தில் எல்லாம் ஆற்றில் கிடக்க வேண்டும். குன்னூர் மலைப்பாதையில் மழைக்குத் தாங்குசுவர் சரிவதை நாம் பார்க்காததா?

“இங்க தண்ணி எங்கே போகுது?” என்று அப்பா கேட்டார். வழிகாட்டி சட்டென்று சிரித்து, எங்களைச் சுவரோரம் கூட்டிப்போய்க் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த துவாரம் ஒன்றைக் காட்டினார். “வீப் ஹோல்!” என்றார் அப்பா, பழைய சிநேகிதரைப் பார்த்தவர் போல.

அப்படிப்பட்ட வடிகால் வாய்கள் நகரத்துக்குள் நூற்று முப்பது வரை இருக்கின்றன. கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளரும் பெருவின் தொல்லியலாளர் அல்ஃபிரெடோ வலென்சியாவும் 1990களில் இங்கே அளந்து, தோண்டிப் பார்த்தார்கள். படி அடுக்குகளில் மேலே ஒரு பரப்பு வளமான மண், அதன் கீழ் மணலும் சரளையும், அதற்கும் கீழே பெரிய கல் சில்லுகள். பெய்கிற மழை மண்ணில் நிற்காமல் அடுக்கடுக்காக இறங்கி வெளியேறிவிடும். சுவரின் முதுகில் நீர் சேர்ந்து தள்ளாது. நடுவில் இருக்கும் பச்சைப் புல்வெளி மைதானத்தின் அடியிலும் கல் செதுக்கிய சில்லுகளைக் கொட்டி வடிகாலாக்கியிருக்கிறார்கள். குவாரிக் கழிவுக்கும் ஒரு வேலை. மச்சு பிச்சுவின் கட்டுமானத்தில் அறுபது சதவீதம் பூமிக்கு அடியில் இருக்கிறது என்பது ரைட்டின் கணக்கு. நாம் படம் பிடித்துக்கொண்டு வருவது மிச்சத்தைத்தான்.

குடிநீருக்கு மலைச்சரிவில் ஓர் ஊற்று. அங்கிருந்து 749 மீட்டர் நீளத்துக்குக் கல் வாய்க்கால். அது நகரத்துக்குள் வந்து பதினாறு நீரூற்றுகளாக ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்குகிறது. முதல் ஊற்று அரசர் வீட்டு வாசலில். சுத்தமான தண்ணீர் முதலில் அவருக்கு. மற்றவர்களுக்கு அவருக்குப் பின். அம்மா இதைக் கேட்டுவிட்டு, “எங்க போனாலும் இது ஒண்ணு மாறாது போல” என்றார்.

2010 ஜனவரியில் பெய்த பேய்மழையில் உருபம்பா ஆறு பெருகி, அடிவாரத்து ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. ஏறத்தாழ நாலாயிரம் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில்தான் மீட்க வேண்டியிருந்தது. ரயில் வராததால் ஏப்ரல் முதல் தேதிவரை மச்சு பிச்சு மூடிக்கிடந்தது. மேலே இருந்த நகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாடப்புத்தகங்களில், 1911 ஜூலை 24 அன்று அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்ஹாம் இதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று இருக்கும். அவரை மேலே கூட்டிப்போனவர் உள்ளூர் விவசாயி மெல்ச்சோர் ஆர்டியாகா. மேலே போய்ப் பார்த்தால் விவசாயக் குடும்பங்கள் அதே இன்கா அடுக்குகளில் பயிர் செய்துகொண்டிருந்தன. கோயில் சுவரிலோ 1902ஆம் ஆண்டு தேதியோடு அகுஸ்டின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரரின் பெயர் கரியால் எழுதப்பட்டிருந்தது. பிங்ஹாம் செய்தது, படம் எடுத்து உலகத்துக்குச் சொன்னது. அதோடு ஆயிரக்கணக்கான தொல்பொருட்களை யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போனார். அவை திரும்பி வர நூறு வருடம் ஆனது. 2011, 2012 ஆண்டுகளில் வந்து சேர்ந்து இப்போது குஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிலை மீட்புச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

ஆடியும் விழாத சுவர்

குஸ்கோவில் கொரிகாஞ்சா என்ற சூரியக் கோயில். ஸ்பானியர்கள் அதை இடித்து அதன் சுவர்மேலேயே தேவாலயமும் மடமும் கட்டினார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மேலே கட்டியது நொறுங்கியது. கீழே இன்கா சுவர் நின்றது. சாந்து பூசாமல் கல்லோடு கல் கவ்வ வைத்து, சுவரை லேசாக உள்பக்கம் சாய்த்து, வாசல்களை மேலே குறுகலாக வைத்துக் கட்டியதுதான் காரணம். மகன் ஏ.டி.எம். கார்டை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவே விட்டுப் பார்க்கப் போனான். காவலர் விசில் அடித்தார். கை வைக்கக் கூடாது. 2025இல் ஓர் ஆள் புகழ்பெற்ற பன்னிரண்டு கோணக் கல்லைக் கருவியால் அடித்துச் சேதப்படுத்தியிருக்கிறார். காவலரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஊருக்கு மேலே சக்சய்வமான் கோட்டையில் நூறு டன்னுக்கு மேற்பட்ட கற்கள் உண்டு. எடுத்துப்போக முடிந்த சின்னக் கற்களையெல்லாம் தேவாலயம் கட்ட எடுத்துப்போய்விட்டார்கள். மிஞ்சியது, தூக்க முடியாதவை.

உடம்பு நன்றாகப் பழகியபின் ஒரு நாள் தெற்கே வண்டியில் போய் அபூரிமாக் ஆற்றின்மேல் கெஸ்வாசாக்கா பாலத்தைப் பார்த்தோம். முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், முழுக்கப் புல். ஒவ்வொரு ஜூன் மாதமும் சுற்றியுள்ள நான்கு கிராமங்கள் கூடுகின்றன. வீட்டுக்கு வீடு பெண்கள் புல்லைத் திரித்துக் கயிறாகக் கொண்டுவர, ஆண்கள் அவற்றை முறுக்கித் தொடைத் தடிமனுக்கு வடமாக்குகிறார்கள். பழைய பாலத்தை வெட்டி ஆற்றில் விட்டுவிட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கட்ட முடியாமல் போக, 2021இல் பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டே மறுபடி கட்டிவிட்டார்கள். இந்தப் பாலம் கட்டும் மரபு 2013 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் போனது மே மாதம் என்பதால் பாலம் வயதாகித் தொய்ந்திருந்தது. கணவரும் மகனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிக் கடந்தார்கள். அப்பா பாலத்தில் ஏறவில்லை. வடங்களைக் கட்டியிருக்கும் கரைக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இது குடிமராமத்தும்மா” என்றார் கடைசியில். “நம்ம ஏரியெல்லாம் இப்படித்தான் இருந்துச்சு. கட்டினவன் பேரு கல்வெட்டுல இருக்கும். வருஷா வருஷம் தூர் வாரினவன் பேரு எங்கேயும் இருக்காது.”

இன்காக்களைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அதுவும் பேரரசுதான். உழைப்பையே வரியாக வாங்கினார்கள். அடங்காத ஊர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் குடிவைத்தார்கள். 1532இல் ஸ்பானியத் தளபதி பிசாரோ வந்து இறங்கியபோது அவரோடு சேர்ந்து சண்டை போட்ட உள்ளூர் மக்கள் நிறைய. ஆனால் ‘மறைந்துபோன நாகரிகம்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதை அங்கே போய்வந்தபின் ஏற்க முடியவில்லை. அரசு போயிற்று, வாய்க்கால் ஓடுகிறது, கிழங்கு காய்கிறது, பாலம் வருடாவருடம் எழுகிறது. கெச்சுவா மொழியைப் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். பெரு அதை ஆட்சிமொழியாக ஏற்றது 1975இல்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லாத காலம். பகலில் வெயில், இரவில் நல்ல குளிர். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டு கிடைத்த தேதியைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுங்கள், அதற்கு முன் எடுக்காதீர்கள். பெரு மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம் என்பதால் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பெரியவர்கள் ஊசி போடாமல், திரும்பும் வழியில் அக்கா வீட்டில் ஆறு நாளுக்கு மேல் தங்கிவிட்டு வந்தார்கள். ஓட்டலுக்கு ஓட்டல் தருகிற கோகோ இலைத் தேநீர் பெருவில் சட்டப்படி சரி. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும். ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள்.